டைல்ஸுக்குப் பின்னால் கசியும் வீடுகள்

முதலில் பொரிவது பெயின்ட்தான். படுக்கையறையில் பீரோவை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நிற்கும். தொட்டால் மாவாக உதிரும். பெயின்டர் வந்து சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த பொங்கலுக்குள் அதே இடம் மறுபடி பொரியும். இந்த முறை ஒரு முழ அகலம். அப்போதும் வீட்டில் யாரும் அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருக்கும் ஷவரைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஷவர் நன்றாகத்தான் கொட்டுகிறது, டைல்ஸும் பளிச்சென்றுதான் இருக்கிறது. பழி வழக்கம்போல மழை மேல் விழும்.

மழையைப் பழிக்கப் புதுச்சேரிக்காரர்களுக்குக் காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழைக்குப் பிறகு சுவரில் ஓதம் தெரிந்தால் யாராயிருந்தாலும் மொட்டைமாடியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் அந்த ஓதம் காயாமல் நிற்கும்போதுதான் பாத்ரூம் பக்கம் பார்வை திரும்புகிறது.

புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஊர். இங்கே தொடங்கி ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர் என்று சுற்றி வில்லியனூர் வரை போனால், ஒரு தலைமுறைக்குள் குளிக்கும் இடம் எப்படி மாறியிருக்கிறது என்பது தெரியும். தாத்தா பம்புசெட் தொட்டியில் குளித்தார். பாட்டிக்குக் கிணற்றடியில் கீற்றுத் தட்டி மறைப்பு. பிறகு தோட்டத்து மூலையில் சிமென்ட் தொட்டியோடு ஒரு குளியலறை வந்தது. இன்றைக்குக் காமராஜர் கல்வீட்டுத் திட்ட உதவியில் எழும்பிய சிறிய வீட்டிலும், பிரெஞ்சு பென்ஷனிலோ வளைகுடாச் சம்பளத்திலோ கட்டிய மாடி வீட்டிலும் படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம் கேட்கிறார்கள். அதில் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ், சுவரில் பைப்பே தெரியாமல், தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் ஒரு டைவர்ட்டர், அதற்கு மேலே அகலமான ஷவர்.

பைப் தெரியாமல் இருப்பதுதான் அழகு என்று ஆகிவிட்டது. தெரிந்துகொண்டிருந்த காலத்தில் அதன் நோயும் தெரிந்துகொண்டிருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

ஜி.ஐ. பைப் காலத்தில் கிளாம்ப் போட்டுச் சுவருக்கு வெளியேதான் குழாய் ஓடும். துத்தநாகப் பூச்சு தேய்ந்து உள்ளே துரு பிடித்தால் காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். மூட்டில் கசிந்தால் அங்கேயே சொட்டும். நூலும் ஒயிட் லெட்டும் வைத்து முறுக்கினால் அரை மணி நேர வேலை. அடுத்து வெள்ளை பி.வி.சி. வந்தது. துரு இல்லை, விலை குறைவு, ஆனால் சூடு ஆகாது. குடிநீர் பி.வி.சி. குழாய்க்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4985, 45 டிகிரி செல்சியஸ் வரைக்குமான தண்ணீரையே கணக்கில் எடுக்கிறது. கெய்சர் வாங்கியவர்கள் பலர் அதே வெள்ளைக் குழாயில் அதையும் இணைத்தார்கள். 60 டிகிரிக்கு மேல் சுடும் தண்ணீரில் குழாய் இளகி, மூட்டு விட்டுக்கொடுத்தது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் இன்று எல்லா ஹார்டுவேர் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் சந்தன நிறக் குழாய், சி.பி.வி.சி. அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1950களின் இறுதியில் இதை வெந்நீர்க் குழாயாக உருவாக்கியது. இந்தியாவுக்கு 1999இல் ஆஸ்ட்ரல் நிறுவனம் கொண்டுவந்தது, 2007இல் ஐ.எஸ். 15778 என்ற தனித் தரமே வகுக்கப்பட்டது. 82 டிகிரி சூட்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தைத் தாங்கக்கூடிய சரக்கு. அப்படியிருக்க சுவர் ஏன் நனைகிறது?

குழாய் அநேகமாகக் கெடுவதில்லை. கெடுவது மூட்டு. அதிலும் பிளாஸ்டிக்கும் பித்தளையும் சேருகிற இடம். ஷவர் கம்பியைத் திருகி மாட்ட, சுவருக்குள் ஓர் எல்போ, அதாவது வளைவு இணைப்பு, புதைப்பார்கள். உட்பக்க மரை பித்தளையில் இருக்கும் எல்போ கொஞ்சம் விலை கூடுதல். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் பிளாஸ்டிக் மரை வைத்த எல்போவைப் போட்டு, டெஃப்லான் டேப்பைக் கண்டபடி சுற்றி, பைப் ரிஞ்சால் ‘இன்னும் ஒரு முறுக்கு’ கொடுத்தால், அன்றைக்கே அதில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். தெரிய வருவது இரண்டு மூன்று வருஷம் கழித்து. டைல்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத கை இந்த எல்போவுக்கு வரும்போது சுருங்கிக்கொள்வது வேடிக்கைதான்.

இன்னொரு காரணம் பசை. பி.வி.சி.க்கு ஒரு சால்வென்ட், சி.பி.வி.சி.க்கு வேறு சால்வென்ட். கையில் இருப்பதைத் தடவி ஒட்டினாலும் அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும். சூடு ஏறி இறங்க ஏறி இறங்க விடும். குழாயும் சும்மா இருப்பதில்லை. மூன்று மீட்டர் சி.பி.வி.சி. குழாயில் தண்ணீர் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் நீளம் ஏழரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடும். காடி வெட்டிப் பதித்து, சுற்றிலும் சிமென்ட் கலவையை இறுக்கி அடைத்திருந்தால் அந்த ஏழரை மில்லிமீட்டர் எங்கே போகும்? மூட்டைத்தான் தள்ளும். விவரம் தெரிந்தவர்கள் வெந்நீர்க் குழாயின் மேல் மெல்லிய ஃபோம் உறை மாட்டிவிட்டுத்தான் பூசுகிறார்கள். இதையெல்லாம் மிஞ்சிய காரணம் ஒன்று உண்டு: கண்ணாடி மாட்ட, டவல் ராடு மாட்ட, டிரில் போடுகிறவர். டைவர்ட்டருக்கு நேர் மேலே, ஷவருக்கு நேர் கீழே துளை போட்டால் குழாயில்தான் இறங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அழுத்தம் என்ற வில்லன்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரிப் பகுதியில் ஆர்ட்டீசியன் கிணறுகள் தோண்டப்பட்டபோது தண்ணீர் தன் சொந்த அழுத்தத்திலேயே மேலே பீறிட்டு வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 1880ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இந்தக் கிணறுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே இருக்கிறது. அந்த வளமெல்லாம் போய், ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்த 2002இல் புதுச்சேரி தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இப்போது தண்ணீரை மோட்டார் மேலே ஏற்ற வேண்டும், மாடித் தொட்டியிலிருந்து அது இறங்க வேண்டும்.

தரை வீட்டில் அந்த இறக்கம் மிகக் குறைவு. தொட்டியின் அடிப்பாகம் பதினோரடி உயரத்தில், ஷவர் ஏழடி உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் நடுவில் இருப்பது நாலடி. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்ற கணக்கில், இந்த நாலடிக்குக் கிடைப்பது 0.12 பார். அகலமான ஷவரை வாங்கி மாட்டிவிட்டு ‘தண்ணி சொட்டுது’ என்று குறைப்படுவது இதனால்தான். உடனே பிரஷர் பம்பு வாங்குகிறார்கள். அது ஒன்றரை, இரண்டு பார் கொடுக்கும்; ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் உயர்வு. அந்தச் சொற்ப அழுத்தத்தில் பத்து வருஷம் பேசாமல் கிடந்த அரைகுறை மூட்டு, பம்பு வந்த மாதமே வாயைத் திறக்கும்.

பம்பே இல்லாத வீட்டிலும் நஷ்டம் சின்னதில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு. ஆஸ்பத்திரி டிரிப்ஸ் கணக்கில் இருபது சொட்டு ஒரு மில்லி. அப்படியே ஒழுகினால் நாளுக்கு நாலேகால் லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். சொட்டாக இல்லாமல் டிரில் முனை பட்டு ஒரு மில்லிமீட்டர் ஓட்டையே விழுந்திருந்தால் கதை வேறு. எட்டடி உயரத் தண்ணீர் அழுத்தத்தில் அந்த ஓட்டை வழியே நாளுக்குச் சுமார் 280 லிட்டர் வெளியேறலாம். சுவர்க் காரைக்குள் அடைபட்டிருப்பதால் அவ்வளவும் வராது. பாதி வந்தாலும், நகரத்து மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று தர நிர்ணயம் ஒதுக்கும் 135 லிட்டருக்கு அது சமம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோரத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் பல இடங்களில் போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படிவதும் அதுதான், டைவர்ட்டருக்குள் இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜைச் சிராய்த்துச் சொட்ட வைப்பதும் அதுதான். அதே உப்பு ஓதத்தோடு சுவருக்குள் ஊறி, காய்ந்த பிறகு மேலே பூத்து, பூச்சைத் தள்ளுகிறது. அதனால்தான் லீக்கை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்குச் சுவர் பொரிந்துகொண்டிருக்கும். வேலை சரியில்லை என்று பிளம்பரைத் திட்டுவதற்கு முன் சுவரைக் காயவிட வேண்டும்.

உடைக்கும் முன்

“உடைச்சுப் பாத்தாதான்க்கா தெரியும்” என்பது இந்தத் தொழிலில் அன்றாடம் காதில் விழும் வாக்கியம். பாதிதான் உண்மை. உடைக்காமலே நிறைய தெரிந்துகொள்ளலாம்.

ஓதம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது முதல் துப்பு. கூரையிலிருந்து கீழே இறங்கினால் மழை. தரையிலிருந்து ஒரே சீராக மேலே ஏறினால் அஸ்திவார ஈரம். நடுச்சுவரில் திட்டாகத் தொடங்கினால் குழாய். எப்போது ஈரம் கூடுகிறது என்பது அடுத்த துப்பு. இரவும் பகலும் ஒரே மாதிரி நனைந்திருந்தால், எந்நேரமும் தண்ணீர் நிற்கும் வரவுக் குழாயில் கோளாறு. வெந்நீர்க் குழாயாக இருந்தால் கெய்சர் போட்ட பிறகு அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். குளித்த பிறகு மட்டும் நனைந்தால் இரண்டு சாத்தியம்: தரை வடிகால் அல்லது டைல்ஸ் இடுக்கு ஒன்று, டைவர்ட்டரிலிருந்து ஷவருக்கு ஏறும் துண்டுக் குழாய் இன்னொன்று. அந்தத் துண்டில் ஷவரைத் திறந்தால்தான் தண்ணீர் ஏறும். மற்ற நேரம் காலி. அதனால் அதில் விழும் விரிசல் வருஷக்கணக்கில் பிடிபடாமலே இருக்கும், தொட்டி மட்டத்தை வைத்துப் பார்த்தாலும் அகப்படாது. இரண்டில் எது என்று பிரிக்க எளிய வழி: ஒரு வாரம் ஷவரைத் திறக்காமல் வாளியில் மொண்டு குளிப்பது. சுவர் காயத் தொடங்கினால் குற்றவாளி மேலே ஏறும் குழாய்.

வரவுக் குழாய்க்கு வேறு சோதனை. இரவு எல்லோரும் படுத்த பிறகு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால், அடுத்த இரவு பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வை மட்டும் மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இறக்கம் நின்றுபோனால் இடம் உறுதி. கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பு வைத்திருக்கும் பிளம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. வாய்களை எண்ட் பிளக் போட்டு அடைத்து, அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். வெந்நீர், தண்ணீர் இரண்டு வரிசைகளையும் தனித்தனியாகப் பார்ப்பார். நகரத்தில் வெப்பப் படக் கேமராவோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கிராமங்களில் காதும் உள்ளங்கையும்தான் கேமரா.

ஷவர் கம்பியே சுவரோடு ஒடிந்துபோகும் கேஸும் அடிக்கடி வரும். அதற்குச் சுவரை உடைக்கவே வேண்டாம், பொறுமைதான் வேண்டும். மரைத் துண்டு எல்போவுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். அனுபவசாலி பிளம்பர் ஆக்ஸா பிளேடு ஒன்றைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே விட்டு, மாட்டிய துண்டின் சுவரை மட்டும் நீளவாக்கில் அறுப்பார். அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் எல்போவின் மரை வெட்டுப்படும். பிறகு முழுச் சுவரையும் திறக்க வேண்டியதுதான். அதனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, மொபைல் டார்ச் அடித்து, பித்தளை மினுங்குகிறதா என்று பார்ப்பார். இரண்டு இடத்தில் வெட்டு விழுந்ததும் பழைய ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து உள்பக்கமாகத் தட்டினால் துண்டு சுருங்கிக் கழன்று வரும். பிறகு புதிய கம்பிக்கு டெஃப்லான் டேப்பை மரை ஓடும் திசையில் சுற்றிக் கையால் திருகி, கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் ரிஞ்ச்.

எல்போவே வெடித்திருந்தால் சுவரைத் திறக்காமல் வழியில்லை. எந்தப் பக்கம் திறப்பது என்பதில்தான் காசு இருக்கிறது. பழக்க தோஷத்தில் எல்லோரும் பாத்ரூம் பக்கமே உளியை வைக்கிறார்கள். டைல்ஸ் உடையும், கீழே இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் போகும். அதே குழாய் நாலரை அங்குலச் சுவரில் ஓடினால், மறுபக்கம் படுக்கையறையிலோ தோட்டத்துப் பக்கமோ வெறும் சிமென்ட் பூச்சுதான் இருக்கும். அங்கிருந்து ஒரு செங்கல்லை எடுத்தாலே போதும். பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். டைலை அப்படி மறைக்க முடியாது. வீடு கட்டி ஐந்து வருஷமானால் அதே டிசைன் டைல் கடையில் இருக்காது, இருந்தாலும் பேட்ச் எண் மாறி நிறம் ஒரு மாற்றுக் குறைந்து நிற்கும். கட்டும்போதே ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

உடைக்கும்போது மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. கெய்சர் ஒயர் அதே சுவரில்தான் இறங்குகிறது. நனைந்த சுவர், கட்டிங் மெஷின், உள்ளே உயிரோடு ஒரு ஒயர்: மெயினை அணைத்துவிட வேண்டும்; மெஷினுக்கான மின்சாரத்தை வெளியே இருக்கும் வேறு லைனில் எடுப்பதே நல்லது.

புதுத் துண்டு வைத்து ஒட்டுவது பத்து நிமிட வேலை. குழாயை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, ஈரத்தைத் துடைத்து, இரு பக்கமும் சால்வென்ட் தடவி, உள்ளே செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் உடனே வால்வைத் திறக்கிறார்கள். ஒட்டியது முழுதாக இறுக ஒரு நாள் விட்டுவிட்டு, அழுத்தம் ஏற்றிப் பார்த்து, அதற்கும் பிறகு கொத்தனாரைக் கூப்பிடுவதுதான் முறை.

கொத்தனார் என்றதும் இன்னொரு தலைவலி. பிளம்பர், கொத்தனார், டைல்ஸ்காரர் மூவரும் மூன்று நாள் கூலி. ஒருவர் வரும் நாளில் மற்றவர் வேறு சைட்டில் இருப்பார். உடைத்த சுவரோடு ஒரு வாரம் கிடக்கும் வீட்டில் பக்கத்து வீட்டுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவது சகஜம். சின்ன வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல் எல்லா ஊரிலும் உண்டு. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் பட்டாமுண்டாய் என்ற ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்து ஆண்கள் தலைமுறைகளுக்கு முன் கல்கத்தாவுக்குப் போய்ப் பிளம்பிங் கற்று, பிறகு டெல்லி, மும்பை, வளைகுடா வரை பரவினார்கள். அங்கே பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனமும் வந்துவிட்டது. நம் பக்கம் இந்தத் தொழில் இன்னும் மேஸ்திரியோடு சுற்றிக் கற்றுக்கொள்வதாகவே இருக்கிறது.

மறைத்த குழாய் ஒரு நாட்டையே உலுக்கிய கதையும் இருக்கிறது. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலின் என்ற சாம்பல் நிறக் குழாயைப் பதித்தார்கள். மலிவு, வளையும், வேகமாகப் போடலாம். குடிநீரில் கலக்கும் குளோரின் அந்தக் குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரிக்க, சுவருக்குப் பின்னால் வெடிப்புகள் தொடங்கின. ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் மேல் போட்ட கூட்டு வழக்கு 1995இல் 95 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சிங்கப்பூரில் பிரச்சினை வேறு வடிவம். மேல்வீட்டுப் பாத்ரூம் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். அடுக்குமாடிகளில் வாழும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த சண்டைதான். அங்கே வீட்டுவசதி வாரியம் பழுதுச் செலவில் பாதியை ஏற்கும் திட்டம் வைத்திருக்கிறது. மீதியை மேல்வீடும் கீழ்வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அபிஷேகப்பாக்கத்துத் தனி வீட்டில் மேல்வீடும் கீழ்வீடும் ஒருவரே என்பதால் வழக்கு இல்லை, செலவு முழுதும் அவரோடு.

செலவைக் குறைக்கும் வேலை பூச்சுக்கு முந்தைய நாளில் இருக்கிறது. காடிக்குள் குழாய் படுத்துக் கிடக்கும்போது மூலையிலிருந்து அளவு டேப்பை நீட்டி வைத்து மொபைலில் நாலு படம் எடுத்துக்கொண்டால் போதும். பத்து வருஷம் கழித்து டிரில் போடுகிறவருக்கும் உளி பிடிப்பவருக்கும் அதுதான் வரைபடம். படத்தை வாட்ஸாப்பில் தொலைத்துவிடாமல் அச்செடுத்துப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். அன்றைக்கே அழுத்தச் சோதனையும் செய்துவிட வேண்டும். இன்றைக்குப் பல சைட்டுகளில் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் முதல்முறையாகக் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள்.

புதிதாகக் கட்டும் சிலர் பழைய வழிக்கே திரும்பியிருக்கிறார்கள். பாத்ரூமின் ஒரு சுவராவது தோட்டத்துப் பக்கம் அமைவதால், குழாய் முழுதையும் அந்த வெளிச்சுவரில் கிளாம்ப் போட்டு ஓட்டிவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் உள்ளே நுழைக்கிறார்கள். கசிந்தால் வெளியே தெரியும், ஒரு துண்டு டைலும் உடையாது. ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். சி.பி.வி.சி. நேர் வெயிலில் நாளடைவில் நொறுங்கும், அதனால் மேலே பெயின்ட் அடித்தாக வேண்டும். அது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்டாக இருக்க வேண்டும். ஆயில் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் குழாயைக் கெடுத்துவிடும்.